நானே பார்த்தேன்: குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போன கதை

இந்தத் தை மாதம், பொங்கல் முடிந்த இரண்டாவது வாரம், வியாழன் வெள்ளி இரண்டு நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் போய்வந்தேன். நகராட்சியில் என் பக்கத்து மேஜைக்காரர், "மாம்பழம் வர இன்னும் நாலு மாசம் இருக்கே, இப்ப எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என் தாத்தா ஒருவரைக் காட்டிக்கொடுத்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் போகிறேன் என்று விடுப்பு விண்ணப்பத்தில் எழுத முடியாதே. 'சொந்த வேலை' என்று எழுதினேன்.

என் அம்மாவின் அப்பா முனிரத்தினம். இரண்டாம் உலகப் போரில் இரட்டை உளவாளியாக இருந்தவர். வெளியே சொன்னால் கேட்கிறவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டுக்குள் அது வாயால் சொல்லக் கூடாத பேச்சு. நான் ஐந்தாவது படிக்கும்போது தாத்தா திருச்சியில் இறந்துபோனார். ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த, அதிகம் பேசாத மனிதர். அவர் விட்டுப்போனது ஒரே ஒரு நோட்டுப் புத்தகம். அதன் கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி: "ஒவ்வொரு முறையும் சொன்னேன். காதருக்குப் புரியவில்லை."

அந்த இரண்டு வரிதான் அம்மாவைத் தின்றுகொண்டிருந்தது. அம்மாவுக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. என்ன சொன்னார், எப்படிச் சொன்னார், நிஜமாகவே சொன்னாரா, அல்லது செத்துப்போன சிநேகிதன் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொண்டாரா? "எங்கப்பா யோக்கியனா இல்லையான்னு தெரியாமலே போய்ச் சேரணுமாடா நான்?" என்று போன வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வழி திறந்தது இந்த வலைப்பூவில்தான். ஆறு மாதம் முன்பு எழுதிய ஒரு கட்டுரையில், தாத்தா மலேயாவில் இருந்தவர் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அடியில் ஒருவர் வந்து, "உங்க தாத்தா பேரு முனிரத்தினமா? சொந்த ஊர் குந்தாரப்பள்ளியா?" என்று கேட்டிருந்தார். பெயர் ரஃபீக். காதரின் பேரன்.

இதே பக்கம் போக நினைப்பவர்களுக்காக நேரம், கட்டணம், தூரம் எல்லாம் இடையிடையே தருகிறேன். கதை வேண்டாம் என்பவர்கள் கடைசிக்குத் தாவிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வியாழக்கிழமை காலை 5.10க்குத் திருச்சியில் பஸ் ஏறினேன். சேலம் 140 கிலோமீட்டர், 8.30க்குப் போய்விட்டது. அங்கே ஒரு காப்பி குடித்துவிட்டு 9 மணிக்கு ஓசூர் பஸ். 160 கிலோமீட்டர், கட்டணம் 155 ரூபாய். தொப்பூர் கணவாயில் ஏறும்போது இன்னும் பனி விலகவில்லை. முன்னால் போன லாரிகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன, லாரிகள் தெரியவில்லை. நான் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே போய்க்கொண்டிருந்தேன்.

கிருஷ்ணகிரியில் ஏறிய ஓர் அம்மா எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். கண்டக்டரிடம் தமிழில் சில்லறை கேட்டார், போனில் யாரிடமோ தெலுங்கில் சிரித்தார், மடியிலிருந்த குழந்தையைக் கன்னடத்தில் திட்டினார். அரைத்தூக்கத்தில் எனக்கு மூன்று பெண்கள் பேசுவதாகத்தான் பட்டது. கண் திறந்து பார்த்தால் ஒருவர்.

தாத்தாவின் நோட்டில் இப்படி ஓர் இடம் வருகிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் அவர் கதையை ஒருமுறை ஓட்டிவிடுகிறேன்.

முனிரத்தினமும் காதரும் குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தையில் வளர்ந்தவர்கள். இரண்டு பேருடைய அப்பாக்களும் மாட்டுத் தரகர்கள். இருபது வயது தாண்டியதும் இருவரும் ஒரே கப்பலில் மலேயாவுக்குப் போய், ரப்பர் தோட்டத்தில் கிராணியாகக் கணக்கெழுதும் வேலை பார்த்தார்கள். காதர் கிளம்பும்போது அவர் மனைவி கர்ப்பம். பின்னாலேயே போர் வந்துவிட்டது. ஜப்பான்காரர்கள் மலேயாவைப் பிடித்ததும், இங்கிலீஷ் தெரிந்த ஆட்களைப் பொறுக்கி ஒரு தீவில் வைத்து வேவுத்தொழில் பழக்கினார்கள். தந்தி அடிப்பது, சங்கேதம் எழுதுவது, ரப்பர் படகுக்குக் காற்றடிப்பது எல்லாம் அங்கே படிப்பு.

படிப்பு முடிந்ததும் முனிரத்தினத்தை நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். காதரை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். காரணம் சாமர்த்தியமானது. கம்பியில்லாத் தந்தியில் சேதி வரும்போது, அடிக்கிறது முனிரத்தினத்தின் கைதானா, மனதறிந்து அனுப்புகிறானா, எவனாவது பிடித்து வைத்துக்கொண்டு அனுப்பச் சொல்கிறானா என்று கண்டுபிடிக்க அவனோடு வளர்ந்தவனைவிட யாருக்கு முடியும்? அதுதான் காதருக்கு வேலை. ஒவ்வொரு சேதியையும் படித்துவிட்டுச் சரி, தப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

தாத்தா மேற்குக் கடற்கரையில் இறங்கிய இரண்டாம் நாளே மாட்டிக்கொண்டார். அத்தனை நாள் பயிற்சி பெற்ற மனுஷன், கரையோர டீக்கடையில் உட்கார்ந்து "ஒரு காப்பி ஓ" என்று கேட்டிருக்கிறார். மலேயாவில் பால் இல்லாத கடுங்காப்பிக்கு அப்படித்தான் பெயர். இங்கே அப்படிக் கேட்பவர் யாரும் கிடையாது. கடைக்காரருக்குச் சந்தேகம், பக்கத்திலேயே போலீஸ். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், அடுத்த வரியைப் படிக்கும்வரை.

வெள்ளைக்கார அதிகாரி இரண்டு வழி சொன்னார். ஒன்று தூக்கு. இன்னொன்று, நாங்கள் சொல்கிற பொய்யை ஜப்பான்காரனுக்கு அனுப்பு. தாத்தா இரண்டாவதை எடுத்துக்கொண்டார். மூடிய வண்டியில் ஏற்றி எங்கோ ஒரு பங்களாவுக்குக் கொண்டுபோனார்கள். எந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அங்கே சமையல்காரன் தெலுங்கில் தொடங்கிக் கன்னடத்தில் நடந்து தமிழில் முடித்தானாம். அதைக் கேட்டு, "நம்ம ஊருக்குப் பக்கத்திலேதான் எங்கேயோ இருக்கிறேன்" என்று தெரிந்துகொண்டதாக எழுதியிருக்கிறார். அந்த அம்மாவின் மூன்று குரலைக் கேட்டபோது எனக்கு அந்தச் சமையல்காரன்தான் முன்னால் வந்து நின்றான். அந்தப் பங்களா எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பெங்களூருக்கும் ஓசூருக்கும் நடுவில் ஏதோ ஒரு தொழிற்சாலைக்கு அடியில் இருக்கும்.

அங்கே ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, பார்க்காத கப்பல்களையும் பார்க்காத பட்டாளத்தையும் தாத்தா ஜப்பான்காரர்களுக்கு அனுப்பினார். பதினான்கு சேதிகளை ஞாபகத்திலிருந்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். "துறைமுகத்தில் பத்துக் கப்பல். நானே பார்த்தேன்." "ரயிலில் பீரங்கி போகிறது. நானே பார்த்தேன்." பதினான்கிலும் கடைசியில் அதே இரண்டு சொல். அந்த இரண்டு சொல் தன்னுடைய சேர்க்கை என்றும், நம்பகமாக இருக்கிறது என்று அதிகாரி முதுகில் தட்டியதாகவும் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு அதைக் கண்டால்தான் ஆத்திரம். "பொய்யையும் சொல்லிட்டு, நானே பார்த்தேன்னு சாட்சி வேற!" என்பாள்.

போர் முடிகிற சமயத்தில் ஜப்பான்காரர்களுக்கு எல்லாம் பொய் என்று தெரிந்துவிட்டது. காதரைக் கொன்றுவிட்டார்கள். கப்பலில் திரும்பிய ஆட்கள் மூலமாகத் தாத்தாவுக்குச் சேதி வந்தது. அதன் பிறகு அவர் குந்தாரப்பள்ளிப் பக்கமே போகவில்லை. திருச்சியில் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்துவிட்டார். ஊரில் அவருக்குக் 'காட்டிக் கொடுத்தவன்' என்று பெயர், காதருக்கு 'ஏமாந்தவன்' என்று பெயர்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். ஓசூரில் 12.40க்கு இறங்கினேன். வெயில் அடித்தாலும் காற்றில் குளிர் இருந்தது. ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். ரஃபீக் லாரி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர், ஐம்பத்திரண்டு வயது, என்னைவிட ஒரு வயது மூத்தவர். முதல் ஷிப்ட் 2.30க்கு முடியும் என்றார். கம்பெனி வாசலுக்கு எதிரே டீக்கடையில் காத்திருந்தேன். சங்கு ஊதியதும் நீலச் சட்டைக் கூட்டம் வெளியே வந்தது. அதிலிருந்து ஒருவர் நேராக என்னிடம் வந்தார். கை கொடுத்தார். சிரிக்கவில்லை.

"ஒண்ணு சொல்லிடறேங்க. எங்கம்மாவுக்கு எம்பத்தி மூணு. அவங்க அத்தா, அதாங்க அப்பா, மூஞ்சியே பாக்காதவங்க. ஊரு பூரா ஏமாந்தவன் பொண்ணு, ஏமாந்தவன் பொண்ணுன்னு சொல்லிகினு இருந்துச்சி. நீங்க பாட்டுக்கு வந்து மன்னிச்சிடுங்கன்னு அழுதுட்டு பஸ் ஏறிடுவீங்க. அப்புறம் அவங்கள பாத்துக்கறது நாங்கதான்."

"மன்னிப்புக் கேட்க வரலைங்க. ஒரு கேள்வி கேட்கத்தான் வந்தேன்."

"இன்னா கேள்வி?"

"சேதி பொய்யின்னு உங்க தாத்தாவுக்குத் தெரியுமா தெரியாதா. அது மட்டும்தான்."

ரஃபீக் டீ கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தார். "தெரியாதுன்னுதான் எல்லாம் சொல்றாங்க," என்றார். பிறகு, "எனக்கு வெள்ளிக்கிழமை லீவு. போச்சம்பள்ளியில வூடு. ஜும்மா முடிச்சிட்டு மூணு மணிக்கு இருப்பேன், வாங்க. அம்மா இன்னா சொல்வாங்கன்னு நான் சொல்ல முடியாது," என்றார். கிளம்பும்போது டீக்குக் காசு கொடுக்க விடவில்லை. அது நல்ல சகுனமாக எனக்குப் பட்டது.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி 50 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். பஸ் நிலையத்துக்கு அருகே 900 ரூபாய்க்கு அறை. சுமார்தான், ஆனால் வெந்நீர் வருகிறது. ஜன்னலைத் திறந்தால் மலைப்பாறை முழுசாகத் தெரிந்தது. சாயங்கால வெளிச்சம் அதன்மேல் மெல்ல மெல்ல அணைவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடப் போகாமல் தூங்கிப்போனேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி வரை எனக்கு வேலை இல்லை. அன்றுதான் குந்தாரப்பள்ளியில் சந்தை. தாத்தா வளர்ந்த இடத்தைச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன், வேறு எண்ணமே இல்லை. காலை 5.45 பஸ், 10 கிலோமீட்டர், 12 ரூபாய். இறங்கியபோது பனி தரையோடு படுத்திருந்தது. நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் இரைச்சல் ஒரு பக்கம், கழுத்து மணிச் சத்தம் இன்னொரு பக்கம். மாடுகளின் முதுகும் கொம்பும் பனிக்கு மேலே தெரிந்தன, கால்கள் தெரியவில்லை. ஆட்கள் குரலாக வந்து, பக்கத்தில் வந்த பிறகு முகமானார்கள். நான் அதற்குள் நடந்தேன். பயமாக இல்லை. முன்பே வந்த இடம் மாதிரி இருந்தது, வந்ததே இல்லை என்றாலும்.

விலை பேசுகிற விதம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விற்கிறவர், வாங்குகிறவர் இரண்டு பக்கத்துக்கும் தரகர் ஒருவரே. அவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடது கைமேல் போட்டுக்கொள்வார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து, அழுத்தி, விட்டு, நிஜப் பேச்சு நடக்கும். மேலே வாய் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருக்கும், வேடிக்கை பார்க்கிறவர்களுக்காக. இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. ஒரு தரகர் துண்டுக்கடியில் பேசிக்கொண்டே காதில் போனை வைத்திருந்தார்.

ஒரு கறவை மாட்டைச் சுற்றி நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். வாங்க வந்தவர் முப்பது வயதுக்காரர், கையில் ஹெல்மெட், உடம்பில் கம்பெனிச் சட்டை. தரகருக்கு மஞ்சள் கரைத் துண்டு. துண்டுக்கடியில் பேச்சு முடிந்தமாதிரி இருந்தது. கம்பெனிச் சட்டைக்காரர் கயிற்றைக்கூடப் பிடித்துவிட்டார். அப்போது தரகர் மாட்டின் வாயைத் தட்டிக்கொடுத்து, எல்லோர் காதிலும் விழும்படிச் சொன்னார்:

"பல்லு நானே பாத்தேன்ணா! தைரியமா புடிங்க."

கம்பெனிச் சட்டைக்காரர் கயிற்றை விட்டுவிட்டார். "சரிண்ணா, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்," என்று சொல்லி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. தரகரும் கூப்பிடவில்லை.

எனக்குப் புரியவில்லை. டீக்கடை வரை அவர் பின்னாலேயே போய், "ஏங்க, நல்ல மாடுன்னுதானே அவர் சொன்னார், விட்டுட்டு வந்துட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெளியூரா சார்?"

"திருச்சி."

"அதான். வயசு தெரியணும்னா மாட்டோட பல்ல பாக்கணும். நல்ல மாடுன்னா 'பல்லு நீங்களே பாத்துக்கோங்க'ன்னுதான் தரகர் சொல்லுவாரு. நானே பாத்தேன்னா, நீ பாக்காத, ஓடிப்போயிடுன்னு அர்த்தம். விக்கறவனும் பக்கத்துலயே நிக்கறான் இல்ல? வாங்காதன்னு வாயால எப்படி சொல்றது?"

"விற்கிறவருக்கும் இது தெரியும்தானே?"

"தெரியும் சார். தெரிஞ்சி இன்னா பண்ணுவான்? நல்ல வார்த்தைதான சொன்னான் தரகன், அதுக்குப் போய் சண்டை போட முடியுமா?" சிரித்துவிட்டு டீயை ஊதினார். "இந்தச் சந்தையில பொறந்தவனுக்கு எல்லாம் தெரியும் இது."

என் கையில் டீ ஆறிப்போனது. பனிக்குள் எங்கோ ஒரு கன்று கத்திக்கொண்டே இருந்தது. போனில் நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். நானே பார்த்தேன். நானே பார்த்தேன். பதினான்கு தடவை. வெள்ளைக்காரன் பக்கத்தில் நின்றுகொண்டு முதுகில் தட்ட, அந்தப் பக்கம் ஜப்பான்காரன் நம்பகமான ஆள் என்று மெச்ச, இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து அந்த மனிதர் தன் சிநேகிதனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி 'நம்பாதே' என்று சொல்லியிருக்கிறார். நோட்டில் அவர் இதை விளக்கவே இல்லை. சந்தையில் வளர்ந்தவருக்கு இது விளக்கவேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. நான் சாலை ஓரம் மைல்கல்லில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்தொரு வயதில், காலை ஏழு மணிக்கு, மாடுகளுக்கு நடுவில். யாரும் கண்டுகொள்ளவில்லை.

அம்மாவை உடனே கூப்பிட விரல் போனது. நிறுத்திக்கொண்டேன். சொன்னார் என்பது பாதிதான். காதருக்குப் புரிந்ததா என்பது மிச்சப் பாதி. அது போச்சம்பள்ளியில் இருந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து போச்சம்பள்ளி 30 கிலோமீட்டர், 1.20 பஸ், 28 ரூபாய், ஐம்பத்தைந்து நிமிடம். வழிநெடுக மாந்தோப்பு. மரமெல்லாம் பூத்திருந்தது. அந்த வாசனை பஸ்ஸுக்குள் வந்து தூக்கத்தைக் கிளப்பியது. தோப்பு முடிகிற இடத்தில் திடீரென்று பெரிய பெரிய ஷெட்டுகள், வரிசையாகக் கம்பெனி பஸ்கள், அதற்கடுத்து மறுபடி தோப்பு.

ரஃபீக் வீடு சிப்காட் போகிற சாலையில். அவருடைய அம்மா ஜைனபு அம்மா கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சின்ன உருவம், கூர்மையான கண்கள். ரஃபீக் என்னை அறிமுகம் செய்ததும் அவர் சலாம் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

"முனிரத்தினம் பேரனா?"

"ஆமாம்மா. மகள் வயிற்றுப் பேரன்."

"உங்க தாத்தன் எங்கத்தாவ முட்டாளாக்கிட்டான். அது தெரிஞ்சிதான வந்தீங்க?"

ரஃபீக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன். "உங்க அத்தாவைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னதும்மா?" என்று கேட்டேன்.

"மலேயாவுல கூட இருந்தவரு ஒருத்தர் திரும்பி வந்து எங்கம்மாகிட்ட சொன்னாரு. நான் சின்னப் பொண்ணு, கேட்டுகினு இருந்தேன். அந்தக் கம்பிச் சேதி வரும்போதெல்லாம் அத்தா அதைப் படிச்சிட்டு, தோள்ல கெடக்கற துண்ட எடுத்து எடது கையி மேல போட்டுப்பாராம். தனியா உக்காந்து சிரிச்சிக்குவாராம். அப்புறம், எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்துடுவாராம். கடைசில பொய்யின்னு தெரிஞ்சி அவங்க கேட்டப்ப, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டாராம். அவ்ளோதான். துண்ட ஏன் போட்டாருன்னு எங்கம்மாவ கேட்டேன். சந்தை ஞாபகம் வந்திருக்கும்னு சொல்லிச்சி."

துண்டு விழுந்தால் நிஜப் பேச்சு அதற்கு அடியில்தான், காலையில் பார்த்தேனே. உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் எழுந்து வந்துவிடலாமா என்று யோசித்தேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தாத்தா சொல்லியிருக்கிறார், காதருக்குப் புரிந்திருக்கிறது, அம்மா நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் இதைத் தெரிந்துகொண்டால் இந்த அம்மாவுக்கு என்ன மிஞ்சும்? ஏமாந்து செத்த அப்பா போய், தெரிந்தே செத்த அப்பா வருவார். அது ஆறுதலா, புதுக் காயமா?

சொன்னேன். எழுந்து போயிருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன். காலையில் சந்தையில் பார்த்ததை, 'நானே பாத்தேன்' என்பதற்கு அர்த்தத்தை, துண்டுக்கு அர்த்தத்தை, நோட்டிலிருந்த பதினான்கு சேதிகளை எல்லாம் சொன்னேன். ரஃபீக் போனை வாங்கி ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கி அவருக்குப் படித்துக் காட்டினார். பதினான்காவதை இரண்டு தடவை படித்தார்.

ஜைனபு அம்மா போனை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தார். பிறகு, "அப்ப தெரிஞ்சேதான் சரின்னு எழுதிக் குடுத்தாரா?" என்றார்.

"ஆமாம்மா."

"பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"அவரை அவங்க கொன்றிருக்க மாட்டாங்க. என் தாத்தாவை, இனிமேல் உதவமாட்டார்னு, இங்கே தூக்கில் போட்டிருப்பாங்க."

"நான் நடக்க ஆரம்பிச்சிருப்பேன் அப்ப," என்றார். என்னிடம் சொல்லவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார். "வூட்ல ஒரு பொண்ணு நடந்துகினு இருக்குதுன்னு தெரியும் அவருக்கு. தெரிஞ்சும் சிநேகிதன் போதும்னு நெனச்சிட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எம்பது வருசமா ஏமாளி மவளா இருந்தேன் தம்பி. பழகிப்போச்சி. இப்ப நான் இன்னா?"

ரஃபீக் போய் அம்மாவின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார்.

வெளியே நான்கு மணிச் சங்கு ஊதியது. ஷிப்ட் முடிந்து போகிற பைக்குகளின் சத்தம் வந்து, குறைந்து, நின்றது. ரஃபீக்கின் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். யாரும் எடுக்கவில்லை.

"உங்கம்மா எப்ப பொறந்தா? போருக்கு அப்புறமா?"

"ஆமாம்மா. அப்புறம்தான்."

"எங்கத்தா வாயத் தொறந்திருந்தா அவ இல்ல."

"இல்லைம்மா. நானும் இல்லை."

அவர் என்னை அப்போதுதான் முழுசாகப் பார்த்தார். நெற்றி, காது, கை எல்லாவற்றையும். டீயைக் காட்டி, "குடிங்க, ஆறிப்போவுது," என்றார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "அவள கூட்டினு வாங்க. எங்கத்தா உசுர குடுத்து வாங்கினது எப்படி இருக்குன்னு நானே பாக்கணும்."

ரஃபீக் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார். பஸ் கிளம்பும்போது ஜன்னலைத் தட்டி, "அண்ணா, அந்தப் பதினாலு படத்தையும் எனக்கு அனுப்பிடுங்க," என்றார். ஓசூரில் வெறும் 'நீங்க' என்றுதான் பேசினார். என்னைவிட ஒரு வயது மூத்தவர் அண்ணா என்றது அந்த ஊர் வழக்கமாகவே இருக்கலாம், ஆனாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: சந்தை பார்க்க வெள்ளிக்கிழமைதான். ஆறு மணிக்குள் போய்விடுங்கள், பத்துக்கு மேல் ஒன்றும் இருக்காது. துண்டுக்கடியில் பேசுகிறவர்களைக் கிட்டப் போய்ப் படம் எடுக்காதீர்கள், கேட்டுவிட்டு எடுங்கள். தை, மாசியில் போனால் பனியும் மாம்பூவும் ஒன்றாகக் கிடைக்கும். மாம்பழத்துக்கு என்றால் வைகாசி. தமிழ் மட்டும் தெரிந்தால் போதும், உங்களுக்கு எது தெரியுமோ அதற்கு அவர்களே வந்துவிடுவார்கள். பஸ், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டு நாளில் 2,150 ரூபாய் ஆயிற்று. திரும்பும்போது கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் பஸ் கால்மணிக்கு ஒன்று இருக்கிறது, முன்பதிவு வேண்டாம். உட்கார்ந்து போக வேண்டும் என்றால் மட்டும் பஸ் நிலையத்துக்கு உள்ளே போய் ஏறுங்கள்.

சனிக்கிழமை காலை வீட்டுக்கு வந்தேன். போனில் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததை அம்மாவின் எதிரே உட்கார்ந்து சொன்னேன். சந்தையைச் சொன்னபோது நோட்டை எடுத்துவரச் சொன்னாள். இத்தனை வருடம் வெறுத்த அந்த இரண்டு சொல்லின் மேல் விரலை வைத்து வைத்துப் பதினான்கையும் படித்தாள். துண்டைச் சொன்னபோது கடைசிப் பக்கத்துக்குப் போய், "காதருக்குப் புரியவில்லை" என்ற வரியைக் காட்டி, "புரிஞ்சிருக்குப்பா, உனக்குத்தான் தெரியலை," என்று தாத்தாவிடம் சொல்லிவிட்டு அழுதாள். நான் அழவிட்டேன்.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து கேட்டாள்: "அந்தம்மா என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நானே பாக்கணும்னு சொன்னாங்க."

அம்மா முகம் துடைத்த துண்டை மடித்து வைத்தாள். "அது சந்தையில சொல்றதா, நிஜமாச் சொன்னதா?"

"தெரியலைம்மா."

"சரி," என்று எழுந்து, அலமாரிக்கு மேலிருந்த பையை எடுக்க நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அதை நான் போய்த் தெரிஞ்சுக்கறேன். நீ பஸ் எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லு."